துலுக்காணத்தின் கைஜாடை

கொதிக்கிற வெந்நீரில் விசிலை முக்கி எடுத்து, இரண்டு உதறு உதறி, சட்டையின் உள்பக்கத்தில் துடைத்து, ஊதாமல் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்க்கிறார் துலுக்காணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தலை தெரிந்தாலே டீக்கடைக்காரர் வெந்நீர் டம்ளரை எடுத்து வைத்துவிடுவார். டீ வேண்டும் என்பதற்கும் துலுக்காணம் வாயைத் திறப்பதில்லை. பெருவிரலைத் தூக்கினால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்து லேசாகக் கீழே அமுக்கினால் சர்க்கரை கம்மி. விசில் சுத்தமாகி, டீயும் உள்ளே போன பிறகுதான் எங்கள் ஊர் ஏரிக்கரைத் திடலில் கபடி தொடங்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. தலைக்கு மேலே கிரேன் ஓடும். மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குக் கீழே நின்று கைகாட்ட வேண்டியது இவர் பொறுப்பு. பெருவிரல் மேலே போனால் தூக்கு. கை மூடினால் நில். கவிழ்த்த உள்ளங்கை மெல்லக் கீழே வந்தால் இறக்கு. அந்த இரைச்சலில் வேறு எதுவும் செல்லுபடியாகாது.

“ஊட்லயும் இதே கததான்” என்பார் அவர் மனைவி தமிழ்செல்வி. “சோறு போதும்னா கைய மூடிக்கும். நான் ரெண்டு வார்த்த கத்துனா கைய கவுத்துகினு எறக்கு எறக்குன்னு காட்டும். நான் இன்னா கிரேனா?”

துலுக்காணம் இதற்கும் சிரிப்பார். நடுவராக நிற்கும்போது செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிடுவார். ஆட்டம் முடிந்ததும் யாருடையதையாவது மாட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் வீட்டுச் செருப்பு ஒன்று இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும். அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனுக்கு ஒரு செருப்புக் கடையே வைத்துக் கொடுத்தாலும் தகும்.

பதினேழு வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குத்தான் அவர் நடுவர். இந்த வயதில் மீசைக்கு முன்னால் கோபம் முளைத்துவிடுகிறது. கபடியோ காலைப் பிடித்து இழுத்து மண்ணில் அமுக்குகிற ஆட்டம். இழுத்தவனை யாருக்குத்தான் பிடிக்கும்? மற்ற நடுவர்கள் பையன்களின் காலையும் கோட்டையும் பார்ப்பார்கள். இவர் தோளைப் பார்ப்பார். ஒருவனுடைய தோள் காதுப் பக்கம் ஏறினால் போதும், விசில் வந்துவிடும். எதற்கு ஊதினார் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியாது. கேட்டால், “அடி வியுந்தப்புறம் ஊதுனா அது விசிலு இல்ல, சங்கு” என்பார்.

அப்படிப்பட்டவர் கண்ணிலிருந்தும் ஒரு தோள் தப்பியது. அது என் மகன் பரத்தின் தோள்.

போன பொங்கலுக்கு நடந்த போட்டியில் எங்கள் பையன்களும் பழவேற்காட்டுக் கரைப் பையன்களும் மோதினார்கள். ‘கபடி கபடி’ என்று பாடிப் போன பரத்தைப் பரணிதரன் என்கிற பையன் கணுக்காலில் பிடித்துச் சாய்த்தான். நல்ல பிடி, முறையான பிடி. துலுக்காணம் விசில் ஊதி, கையைத் தூக்கி, புள்ளி சொல்லத் திரும்பினார். அந்தத் திரும்பலில், எழுந்த பரத் முஷ்டியை மடக்கிப் பரணிதரன் வாயில் குத்திவிட்டான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

பழவேற்காட்டு அப்பாக்கள் உள்ளே இறங்கினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? துலுக்காணத்தின் ஆலையிலேயே வேலை பார்க்கும் என் கணவர் அரசப்பன்தான் முதல் ஆளாக லுங்கியை மடித்துக்கொண்டு இறங்கினார். துலுக்காணம் பரணிதரனின் உதட்டைத் துணியால் அழுத்திக் கட்டி, விவரம் தெரிந்த ஒருவரோடு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு நடுக்கோட்டில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“யாரு யார அடிக்கணுமோ என்ன தாண்டினு போய் அடிச்சிக்கோங்க” என்றார். இரண்டு பக்கத்தாரும் அவர் மேல் மரியாதை வைத்திருந்தவர்கள். தாண்ட யாருக்கும் கால் வரவில்லை.

விழாக் குழு அங்கேயே கூடியது. பரத்தை ஒரு வருடம் ஆட்டத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்றார்கள். கோடையில் திருவள்ளூரில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் அனுப்புவதும் இந்தக் குழுதான். பரத் அதற்காகவே வருடம் முழுவதும் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடியவன். படிப்பில் அவன் சுமார்தான். அந்தக் கதவும் அடைபட்டால் அப்பாவுக்குப் பின்னால் அதே ஆலை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

துலுக்காணம் பரத்தை எதிரில் உட்கார வைத்தார். திட்டவில்லை. “இன்னாத்துக்கு அடிச்ச நைனா?” என்றார்.

பரத் தலையைத் தூக்காமல் சொன்னான்: “அப்பா கத்திகினே இருந்துச்சு சார். இன்னா சொல்லுதுன்னே தெர்ல. கோவமா கீதுன்னு மட்டும் தெரிஞ்சுது. எனக்கும் ஏறிச்சு.”

என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. அவர் கத்தியது, “கோட்ட தொட்றா, கோட்ட தொட்றா” என்று. பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அது தெரியும். ஆனால் உருட்டு ஆலையில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காது மந்தம், அதனால் தொண்டை பெரிசு. ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டாலே அண்டை வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். இரவு ஷிஃப்ட் முடித்து நேராகத் திடலுக்கு வந்து கோட்டோரம் வரிசையாக நிற்கிற அத்தனை அப்பாக்களும் அப்படித்தான். ஆசையாகச் சொன்னாலும் அது அதட்டலாகத்தான் உள்ளே போய்ச் சேரும்.

துலுக்காணம் தன் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து குழுவிடம் போனார்.

“பையனுக்கு மூணு மேச்சு வெளிய. ஆனா ஊட்ல ஒக்கார கூடாது. பரணி டீமுக்கு தண்ணி தூக்கணும். இன்னொரு தபா கைய ஓங்குனான்னா நானே பேர அடிச்சிட்றேன், திருவள்ளூரும் கெடையாது” என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். “அப்பனுக்கு வருசம் முழுக்க வாய் கெடையாது. ஒனக்கு மட்டும் இல்ல அரசப்பா, கோட்டோரம் நிக்கற எல்லாருக்குந்தான். சொல்லணும்னா மில்லுல காட்டற மாதிரி கையால காட்டு.”

பரத் உடனே மன்னிப்புக் கேட்கப் போனான். அதையும் தடுத்தார். “இப்ப வாணாம். இப்ப கேட்டா அது எனக்கு பயந்துகினு கேக்கறது. அவன் ஒதடு ஆறட்டும்.” உதடு ஆறியதும் தன் வண்டியில் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனார். பரணிதரனின் அம்மா இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தட்டில் சோறும் இறாலும் வைத்து, “தின்னுட்டு பேசு” என்றாராம். தின்ன முடியாமல் அழுதேன் என்று பரத் என்னிடம் மட்டும் சொன்னான்.

அந்தச் சண்டைக்கு அடுத்த ஞாயிறு திடலைப் பார்த்திருக்க வேண்டும். சத்தமே இல்லை. அப்பாக்கள் வரிசையாக நின்று பெருவிரலைத் தூக்குவதும் கையை மூடுவதுமாக இருந்தார்கள். ஆலைப் பக்கமே போகாத நெல் விவசாயிகளுக்கு மற்றவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருவர் நில் என்பதற்குத் தூக்கு என்று காட்டி, அவர் மகன் அவுட் ஆனான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஊமைப் படம் என்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் பையன்கள் மாறினார்கள். தோள் ஏறுகிறபோது அப்பன் பக்கம் பார்ப்பார்கள். அங்கே கவிழ்த்த உள்ளங்கை ஒன்று மெதுவாகக் கீழே வரும். “சொமைய தூக்கறது ஒரு வேலையா? பொத்துனு போடாம எறக்கறதுதான் வேல” என்றார் துலுக்காணம். கிரேனைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கோடையும் வந்தது. திருவள்ளூரில் தேர்வு ஆட்டம். அங்கே நடுவர் வேறொருவர். துலுக்காணம் லீவு போட்டுவிட்டு எங்களோடு ரயில் மாறி வந்து, கம்பி வேலிக்குப் பின்னால் கூட்டத்தில் ஒருவராக நின்றார். விசிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பாதி ஆட்டத்தில், சோழவரம் பக்கத்துப் பையன் ஒருவன் பிடிக்கிற சாக்கில் பரத்தின் மூக்கில் முழங்கையால் இடித்தான். நடுவர் மறுபக்கம் இருந்தார், பார்க்கவில்லை. பரத் எழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. கை மடங்கியது. அந்தத் தோள், நான் பெற்று வளர்த்த அந்தத் தோள், காதுப் பக்கம் ஏறுவதை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். ஒரு குத்து விழுந்தால் எல்லாம் போயிற்று. நான் கத்த வாயைத் திறந்தேன். என் கணவர் என் தோளை அழுத்தினார்.

பரத் எங்கள் பக்கம் திரும்பினான். அரசப்பன் வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்கினார். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

பரத்தின் முஷ்டி விரிந்தது. பனியனால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் கோட்டுக்குப் போய் நின்றான். விடுதிக்கு அவன் பெயர் வந்தது இரண்டு வாரம் கழித்து. எனக்கு நன்றி சொல்ல அந்த நிமிடமே போதுமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் துலுக்காணம் பக்கம் திரும்பினேன்.

அவர் யாரையும் பார்க்கவில்லை. பார்வை முழுக்கத் திடலில் இருந்தது. இடுப்போரமாக, யாருக்கும் தெரியாத இடத்தில், அவருடைய கவிழ்த்த உள்ளங்கை இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.