இடப்பக்கம் சாய்ந்த பரண்

என் அறையில் சட்டை மாட்டும் ஆணிக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. அதில் ஒரு சாண் உயரத்துக்கு மூங்கில் காவல் பரண் ஒன்று நிற்கிறது. இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஏணியில் மூன்றாவது படி கிடையாது. குமுளிக்குப் போகும் லாரிகள் தெருவைக் கடக்கும்போது பலகை அதிரும். கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு அதைத்தான் பார்ப்பேன்.

அதைக் கட்டியது சுருளிப்பட்டியில், ஒரு திராட்சை குடோனில். நான் ஏழாவதோடு நின்றவன். ஏலக்காய்த் தோட்டம், செங்கல் சூளை, லாரி என்று எதிலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. மூங்கில் கட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று டீக்கடையில் சொன்னதைக் கேட்டுப் போனேன். முதலாளி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர், என்னைவிட இளையவர். அங்கிருந்த பெண்கள் எல்லாரும் அவரை அக்கா என்றார்கள். நானும் அக்கா என்றேன். "நீங்க அக்காங்கிறீக, நான் அண்ணேங்கிறேன். யாரு மூத்ததுன்னு ரேஷன் கார்டைப் பாத்தாத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

வெளிநாட்டில் பெரியவர்களே மேசையைச் சுற்றி நின்று ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. விரல் உயரப் பொம்மைகள்தான் படை. தாயக்கட்டை உருட்டி நகர்த்துவார்கள். அதில் ஓர்க் என்று ஒரு கூட்டம்: பச்சைத் தோல், உதட்டைத் தாண்டி நீளும் பல், கண்டதைப் பிடுங்கி வந்து ஒட்டுப்போட்டு வாழும் முரடர்கள். அவர்களுக்கான பாறை, வேலி, மண்டையோடு தொங்கும் வாசல் எல்லாம் அந்தக் குடோனில்தான் தெர்மாகோலில் உருவாயின. காவல் பரண் என் பொறுப்பு.

வெளிநாட்டுக் கம்பெனி மாதிரிக்குக் கேட்டது ஐந்து. உடைந்தால் மாற்றுவதற்கு ஒன்று என்று ஆறாகக் கட்டிவிட்டேன். அக்கா அவற்றைப் படம் எடுத்து அனுப்பினார். மறுநாள் பதில் வந்ததும் கட்டைவிரலில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றார். விரல் சிவக்கும்வரை சுரண்டினார்.

"மனுசங்க கட்டுன மாதிரி இருக்காம்ணே. ஓர்க் கட்டுனா இம்புட்டு நேரா நிக்காதாம். வீரபாண்டிக்குக் கம்பம் நடுறதுக்குள்ள ஒரு ஆர்டராச்சும் உறுதியாகணும். இல்லாட்டி இங்கன திரும்பத் திராட்சை டிரேய அடுக்கிருவேன்னு அப்பா சொல்லிப்புட்டாக."

வீரபாண்டிக் கோயில் திருவிழாவுக்கான அந்தக் கம்பம் நட இன்னும் பத்து நாள்கூட இல்லை. கோணலாகக் கட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. கால் சாய்ந்தால் கை தானாக நிமிர்த்தியது. முடிச்சு இரண்டு சுற்றில் நிற்காமல் மூன்றாவதுக்குப் போனது. பக்கத்தில் பாறைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்த பெண், ஓர்க்குக்குக் கல்யாணப் பந்தலா போடுறீக என்று கேட்டாள். சிரிப்பு வரவில்லை. அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் கோணலாக வர மறுக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

முன்பொரு முறை கூடலூருக்கு மேலே ஒரு சோளக் காட்டில் பன்றிக் காவலுக்குப் பரண் கட்டினேன். மழை வருகிற அவசரம். பழைய கயிறு, இரண்டே சுற்று. இடப்பக்கப் பின்கால் குட்டை. அடியில் கல்லைக் கொடுத்தேன். ஏணிக்கு மூன்றாவது படி போடவில்லை. காலையில் வந்து சரிசெய்யலாம் என்று இறங்கிவிட்டேன். காலையில் பரண் கீழே கிடந்தது. காவலுக்கு ஏறியவரும் கிடந்தார். அவர் பிழைத்தார், பிறகு நடக்கவில்லை.

அக்கா நேராக நின்ற ஆறையும் ஓரமாக ஒதுக்கி வைத்தார். பிறகு, "கேக்கக் கூடாதுதான். அன்னைக்குக் கட்டுனத அப்படியே கட்டுவீகளாண்ணே?" என்றார்.

கட்டினேன். குட்டைக்கால், அடியில் பொடிக்கல், மூன்றாவது படி இல்லாத ஏணி: இந்த முறையும் ஆறு. அக்கா சோதித்துப் பார்க்க மேலே ஓர்க் பொம்மையை வைக்கும்போதெல்லாம் என் கை தானாகப் பொம்மைக்குக் கீழே போய் ஏந்தி நின்றது. மேலே ஆள் நிற்கும் தட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், ஒவ்வொன்றிலும் முடிச்சுக்கு மூன்றாவது சுற்றைப் போட்டு வந்தேன். ஆறாவதுக்குப் போடுவதற்குள் கூரியர் வண்டி வந்துவிட்டது.

அக்கா பெட்டியில் வைக்கும்முன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். திட்டு விழும் என்றிருந்தேன். ஐந்தையும் அப்படியே வைத்து ஒட்டினார். கம்பம் நட்ட அன்று காலையில்தான் பதில் வந்தது: ஆர்டர் உறுதி, இன்னும் வேண்டுமாம். குடோனே சத்தமாக இருந்தது. நான் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இன்னொன்று கட்ட என்னால் ஆகாது. அக்கா தடுக்கவில்லை. ஆறாவதைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

"அஞ்சுல அடியில ஒரு சுத்துக் கூட இருக்கு. இதுலதான் இல்ல. கட்டணும்னு தோணுனாக் கட்டிக்கிருங்க."

ஒரு பேக்கரியில் இப்போது வேலை. இந்த அறைக்கு வந்து இரண்டாவது மழைக்காலம். சணல் நூலைப் பரணுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். லாரி போகிறது, பலகை அதிர்கிறது, பரண் ஆடி நிற்கிறது. எழுந்து போய் நூலை எடுப்பேன். அப்புறம் கையை மட்டும் அதன் கீழே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு வந்துவிடுவேன்.