பிரெஞ்சு நாடகத்துக்கு நடுவே அப்பா

தஞ்சாவூர்க் கல்லூரியில் நான் பிரெஞ்சு எடுத்தது மார்க்குக்காக மட்டும்தான். மூன்றாம் வருட ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பு ஓர் ஓபரா போட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேடிக்கை நாடகம். பாட்டெல்லாம் பிரெஞ்சில், நடுவில் வரும் பேச்சை மட்டும் நாங்களே தமிழாக்கிவிட்டோம். கதை ஒன்றும் பிரமாதமில்லை. தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண். அவளை வளர்த்த கிழவன் அவளையே கட்டிக்கொள்ளத் துடிக்கிறான். பெண் நான். கிழவன், சீர்காழியிலிருந்து வந்திருந்த என் ஹாஸ்டல் தோழி, பஞ்சுத் தாடியோடு. என் கவுன் அகலமாக விரிவதற்காக, வயலுக்கு வாங்கிய ஹோஸ் பைப்பை வளைத்து உள்ளே கட்டியிருந்தேன். என்ன, உட்காரத்தான் முடியாது.

அப்போது எனக்கு வேறொரு எரிச்சலும் இருந்தது. சிங்கப்பூர் மாப்பிள்ளை ஒருவரை அப்பா பேசி முடித்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நல்ல மனிதர்தான்; ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

சம்பா அறுவடை முடிந்திருந்ததால் அப்பா அம்மாவோடு விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊர்த் திருவிழா நாடகங்களில் மேடையோடு வாயாடியே பழகியவர். கிழவன் என் கையைப் பிடித்து இழுத்து, "ஒன்னக் கேட்டுத்தான் கல்யாணம் பண்ணணுமா? நாளைக்கு முகூர்த்தம்!" என்று கத்தியதும் எழுந்துவிட்டார்.

"யோவ், அந்தப் புள்ளதான் வேணாங்குதுல்ல? விடுய்யா!"

அரங்கமே சிரித்தது. அடுத்தது என் பாட்டு. கீபோர்டு ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பிரெஞ்சுக்காரிக்கு இவ்வளவு இரக்கமா! மைக் இருப்பதையும் மறந்து, "அப்பா, நானும் அதத்தானே சொல்றேன்?" என்றேன்.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அதுவும் வசனம் என்று நினைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நின்றபடியே அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீபோர்டுக்காரன் பாட்டின் முதல் வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா, வேணாம். அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார். "நீ பாடு."

அந்தப் பெண் தன் விதியை நொந்து அழுகிற பாட்டு அது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே பாடி முடித்தேன்.