புது டிஸ்க்கில் மாறிய நட்சத்திரம்

கம்ப்யூட்டருக்குப் புது போர்டும் புது ஹார்ட் டிஸ்க்கும் போடுவது என்று முடிவான நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தொண்ணூற்றெட்டாம் வருடம். சூலூர் பஸ் நிலையத்துக்கு எதிர் வரிசையில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்தேன். பழைய டிஸ்க் நிறைந்துபோய், ஒரு ஜாதகம் அச்சாகி வருவதற்குள் ஆட்கள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். மாற்றாமல் முடியாது. ஆனால் மாற்றும்போது பாதியில் கரண்ட் போனால்? உள்ளே இருக்கிற ஜாதகமெல்லாம் அழிந்துவிட்டால்? புது டிஸ்க்கில் விண்டோஸ் எழுந்திருக்காமலே படுத்துக்கொண்டால்?

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆறு வருடம் மில்லுக்குப் போனேன், அப்புறம் தமிழ் டைப்ரைட்டிங். கம்ப்யூட்டரை விரலால்தான் கற்றுக்கொண்டேன். எந்தத் திரைக்கு அடுத்து எந்த பட்டன் என்று வரிசையாகத் தெரியும். திரையில் வருகிற இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. தெரியாது என்பதும் யாருக்கும் தெரியாது.

கோவையிலிருந்து மெக்கானிக் வந்தார். ரேடியோ ரிப்பேரிலிருந்து இந்த வேலைக்கு வந்த ஐம்பது வயதுக்காரர். பழைய டிஸ்க்கையும் புது டிஸ்க்கையும் பேப்பர் விரித்து அக்கம்பக்கமாக வைத்து, பட்டையான ஒரு ஒயரால் இரண்டையும் சேர்த்தார். ஒரு ஃபிளாப்பியைப் போட்டால் பழையதில் இருக்கும் விண்டோஸும் மற்றதும் அப்படியே புதியதற்குப் போய்விடும் என்றார். அப்படியேவா என்று நான்கு தரம் கேட்டேன். யாராவது கை தவறி அணைத்துவிடுவார்களோ என்று மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"ஏனுங் அம்மணி, ஆபரேசன் தியேட்டர் வாசல்ல நிக்கறாப்பல நிக்கறீங்க. போய் உக்காருங்க" என்றார்.

இரண்டு மணி நேரத்தில் புது டிஸ்க்கில் விண்டோஸ் வந்தது. அதே நிறம், அதே இடத்தில் அதே படங்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. ஜாதகப் புரோகிராம் மட்டும் திறக்க மறுத்தது. அது பழைய டிஸ்க்கை அடையாளம் வைத்திருக்கிறது, வேறு டிஸ்க்கில் ஓடாது, அதன் சொந்த ஃபிளாப்பியிலிருந்து புதிதாக ஏற்ற வேண்டும் என்றார் அவர். ஃபிளாப்பியைப் போட்டுவிட்டு, "ஏதோ நாலு கேள்வி கேக்குமுங்க, உங்க தொழில் சமாச்சாரந்தான், பாத்துப் போட்டுக்கங்க" என்று சொல்லிக் கை கழுவப் போனார்.

கேள்விகள் வந்தன. எல்லாம் இங்கிலீஷ். முதன்முதலில் கம்பெனி ஆள் வந்து போட்டுக் கொடுத்தபோது நான் இதையெல்லாம் பார்த்ததில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துபோகும். என்டர் தட்டினேன். அடுத்தது வந்தது. அதற்கும் என்டர். ஒவ்வொன்றையும் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

ஒரு மாதத்துக்குப் பழைய டிஸ்க்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பஸ் ஏறினார். துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். அடுத்த நாட்களில் தூசிக்குப் பயந்தேன், பல்லிக்குப் பயந்தேன், இடிக்குப் பயந்தேன். அந்த என்டர் மட்டும் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு அம்மா கடை வாசலில் வந்து நின்றார். பக்கத்து வீதி. விசைத்தறிக் குடோனில் நூல் சுற்றும் வேலை. கணவர் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு அதுவரை ஜாதகம் எழுதியதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த பிறந்த நேரத்தைப் போட்டு போன வாரம் முதல்முதலாக நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். காங்கேயம் பக்கம் நல்ல குடும்பம். பெண்ணைப் பிடித்துப்போய், பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது.

உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ஏனுங் கண்ணு, எம்புள்ளை என்ன நட்சத்திரமுங்க?"

என்ன கேட்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. பிறந்தபோது பஞ்சாங்கம் பார்த்து மகம் என்று சொன்னார்களாம், சென்னிமலை முருகன் கோயிலில் அதைச் சொல்லித்தான் அர்ச்சனை செய்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து நேற்று ஆள் வந்து, பெண் ஆயில்யம், எங்களுக்குச் சரிப்படாது என்று சொல்லிப் போயிருக்கிறார். ஆயில்யத்தில் பிறந்த பெண் மருமகளாக வந்தால் மாமியார் உயிருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் பயப்படுவார்கள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனையோ சம்பந்தம் நின்றுபோனதை என் கடை நாற்காலியில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாதுங்க என்றேன். அதைச் சொன்னதை மறைக்கக் கூடாது. சொல்லிக்கொண்டே மறுபடி போட்டேன். ஆயில்யம், நான்காம் பாதம். அந்த அம்மா அழவில்லை. வாசல் சட்டத்தைப் பிடித்தபடி என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பீரோவிலிருந்த பழைய டிஸ்க் ஞாபகம் வந்தது.

எஸ்டிடி பூத்திலிருந்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். மறுநாள் வந்தார். அந்த அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். பழைய டிஸ்க்கை மாட்டி ஓட்டினார். அதே ஆஸ்பத்திரிச் சீட்டு, அதே நேரம், அதே விரல். மகம், முதல் பாதம்.

இரண்டு தாள்களையும் கையில் வைத்துக்கொண்டு, எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மெக்கானிக் புரோகிராமுக்குள் போய் எதையோ திறந்து பார்த்தார். பழையதில் வாக்கியப் பஞ்சாங்கம், புதியதில் திருக்கணிதம். இரண்டு கணக்குக்கும் சந்திரன் கொஞ்ச நேரம் முன்பின்னாக நகரும். பெரும்பாலானவர்களுக்கு நட்சத்திரம் மாறாது. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்குகிற நேரத்தில் பிறந்தவர்களுக்கு மாறிவிடும். இந்தப் பெண் அந்த நேரத்தில் பிறந்தவள்.

"போடறப்பவே கேட்டிருக்குமே அம்மணி, எந்தப் பஞ்சாங்கம்னு. படிச்சுப் பாக்கலீங்களா?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் பழைய டிஸ்க்கைக் கழற்றாமல் விட்டு, மிச்ச ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

அன்றைக்கே அந்த அம்மாவோடு காங்கேயம் பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். முழுக்கக் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தாள்களையும் அவரே படித்தார்.

"நாளைக்கு இன்னொரு டிஸ்க் போட்டீங்கன்னா இன்னொரு நட்சத்திரம் வருமாட்ட இருக்குது" என்றார்.

நான் என் படிப்பைச் சொன்னேன். என்டர் தட்டியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். எங்கள் வீட்டிலும் வாக்கியம்தான் பார்ப்பது, நீங்கள் சொல்வதை நம்புகிறேன் என்றார். பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். எனக்கும் உயிர் வந்தது.

"நானும் ஆயில்யந்தானுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இந்த ஊட்டுக்கு வந்த ஏழாம் மாசம் எங்க மாமியா போயிட்டாங்க. சக்கரை வியாதி. ஆனாலும் அத்தனை பேரும் என்னையத்தான் பாத்தாங்க. இன்னும் பாக்கறாங்க."

அவர் இரண்டு தாள்களையும் மடித்து என் கையில் கொடுத்தார்.

"மொதல்ல வந்த காயிதத்த மாமன் மச்சான் பங்காளி எல்லாரும் பாத்துப்போட்டாங்க. இப்ப மகம்னு சொன்னா, ஏமாத்தறாங்கம்பாங்க. நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாப் போதுமுங்க, அந்தப் பழைய காயிதத்தத்தான் எடுப்பாங்க. நான் பட்டது அந்தப் புள்ளைக்கு வேண்டாமுங்க."

நான் கெஞ்சினேன். அவர் எழுந்து வந்து பெண்ணின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். பதில் அவ்வளவுதான் என்று தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம் என்று மட்டும் பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னார்.

அந்தப் பன்னிரண்டு நாளில் எடுத்துக் கொடுத்த ஜாதகம் என் நோட்டுக் கணக்கில் மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாக இரண்டு டிஸ்க்கிலும் போட்டுப் பார்க்க உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண்ணே கடைக்கு வந்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"அந்தக் கேள்விய எனக்குக் காட்டுங்கக்கா."

ஃபிளாப்பியைப் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்து, தமிழில் சொன்னாள். ஊர், மணி, பஞ்சாங்கம். அவள் சொல்லச் சொல்ல நான் அதே நோட்டில் எழுதிக்கொண்டேன். பஞ்சாங்கத்தில் வந்து நிறுத்தினாள்.

"இதுக்கு ஒண்ணும் சொல்லாம உட்டா என்னாகுமுங்க?"

"அதுக்கு மேல நகராது கண்ணு."

அவளே வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து, தன் பிறந்த நேரத்தைத் தட்டினாள். தாள் அச்சாகி வெளியே வந்தது. நட்சத்திரம் எழுதியிருந்த இடத்தை மட்டும் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தாள். சரிபார்க்க அடுத்தது யாருடையது என்று கேட்டு, என் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.