கூட வந்தவர் வெளியே இருக்கட்டும்

போன மாதம் ஒரு வக்கீல் என்னை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். இருந்தாலும்... வெளியே என்றால் வெளியேதானே?

விவகாரம் என்னுடையது இல்லை. என் மனைவி வசந்தாவின் அண்ணன் தேவராஜனுடையது. உத்திரமேரூர் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியதும் எனக்கு போன் போட்டார். உயில் எழுத வேண்டுமாம். நல்ல வக்கீலாகப் பார்க்கச் சொன்னார். பேப்பரில் எழுதுகிறவனுக்கு நாலு பேரைத் தெரியாமலா இருக்கும்?

தெரிந்தது. காஞ்சிபுரத்தில் பெரிய ஆபீஸ், கண்ணாடிக் கதவு, ஏ.சி. அந்த வக்கீல் என் பத்தியைத் தவறாமல் படிப்பாராம். நிலம் எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். வாரிசு யார் என்றும் என்னிடமே கேட்டார். அப்படியானால் எல்லாம் தங்கைக்கு, ரொம்ப சிம்பிள் என்று முடித்தும் விட்டார். மச்சான் தன் சொந்த நிலத்தைப் பற்றிய பேச்சில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார்.

காரில் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நல்ல மனுஷன்தான் மாப்ள. ஆனா அவரு உனக்கு வக்கீலு. எனக்கு ஒருத்தர் வேணும்."

அடுத்து, பத்திரப் பதிவு ஆபீஸ் பக்கத்தில் ஒரு பத்திர எழுத்தர். கம்ப்யூட்டரில் உயில் தயாராகவே இருந்தது. பெயர்களை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. மச்சானுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதுவது எப்படி என் உயிலாகும் என்றார்.

எனக்குச் சலிப்பாகிவிட்டது. ஒரு உயிலுக்கு இத்தனை பெண் பார்க்கும் படலமா?

மூன்றாமவரை அவரே பால் சொசைட்டியில் விசாரித்துக் கண்டுபிடித்தார். உரக்கடைக்கு மேலே, மாடியில் சின்ன ஆபீஸ். இளம்பெண். ஃபீஸ் எவ்வளவு, எதற்கெல்லாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு நான் யார் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன் — தங்கை வீட்டுக்காரர்.

"அப்ப நீங்க கீழ வெயிட் பண்ணுங்க சார். ஐயாகிட்ட தனியா பேசணும்."

உர மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வசந்தாவுக்கு போன் செய்து பொருமினேன். உதவிக்கு வந்தவனுக்கு இதுதான் மரியாதையா? அவள் நிதானமாகக் கேட்டாள்: அண்ணன் உயில் எழுதவில்லை என்றால் நிலம் யாருக்கு வரும்?

உனக்கு, என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் துணைக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வக்கீலுக்கு நான் ஆதாயம் உள்ள பார்ட்டி!

மச்சான் இறங்கி வர வெகுநேரமாயிற்று. கண் சிவந்திருந்தது. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு பேசினார். நீங்கள் இல்லாமல் போனால் யாருக்குக் கஷ்டம் என்று அந்தப் பெண் கேட்டாராம்.

"செல்வி வூடு நம்ம நெலத்து மூலையிலதான கீது. ஒரு துண்டு பேப்பர் இல்ல. நாளைக்கு நீங்க நெலத்த வித்தா, அத தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அவங்க எங்க போவாங்க?"

செல்வியும் அவர் கணவரும் மச்சானின் நிலத்தில் கூலிக்கு வேலை செய்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் அவருடன் மாறி மாறித் தங்கியதும் அவர்கள்தான். நாங்கள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்ன பக்கத்துல வச்சிக்கினு எப்படி சொல்றது மாப்ள? வசந்தாவுக்கு வர்றதுல இருந்துல்ல எடுக்கறேன்."

வக்கீல் வழி சொல்லியிருந்தார். வீடு இருக்கும் இடத்தை உயிலில் எழுதிவைக்க வேண்டாம். இப்போதே தான செட்டில்மெண்டாகப் பதிந்து கொடுத்துவிடலாம். மீதி நிலத்துக்கு உயில். தெளிவான மனநிலையில் எழுதினார் என்று டாக்டரிடம் ஒரு சர்ட்டிஃபிகேட். கூடவே இன்னொன்று — தங்கையிடம் அவரே சொல்லிவிடுவது நல்லது.

வண்டியை ஓரம் கட்டி, போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். மச்சானின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்னைக்கு வந்து எவ்வளவு காலமானாலும் அண்ணனிடம் பேசும்போது வசந்தாவுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"இத சொல்றதுக்கா இத்தினி நாளு பயந்துக்கினு இருந்த? அப்படியே ரோடு வரைக்கும் வழியும் வுட்டு எழுதுண்ணா. அவங்க நடக்கறதுக்கு வழி வேணாமா?"

மச்சான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வழியோடு சேர்த்தே பதிவானது. அன்றைக்குப் பதிவு ஆபீஸில் செல்வி அவரிடம் அதிகம் பேசவில்லை. மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேட்டார்.

சொத்து விஷயத்துக்கு ஆலோசகர் தேடும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்... படிப்பு, ஆபீஸ், யார் சிபாரிசு. நம் மனதில் இருப்பதைச் சொல்ல விடுவாரா என்று பார்க்கிறோமா?

சூட்டோடு சூடாக எங்கள் உயிலையும் எழுதிவிடலாமே என்று அதே வக்கீலுக்கு போன் செய்தேன். தாராளமாக வரச் சொன்னார்... ஆனால் கணவனும் மனைவியும் தனித்தனியாக!

அன்றிலிருந்து வசந்தா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை.