பங்குனியில் அளந்த வாய்க்கால்

இலஞ்சிப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என் வேலை. அறுப்பில் நெல்லாகக் கூலி தருவார்கள். முன்பு வாய்க்காலுக்கு இரு பக்கமும் வயல். இப்போது வீடு. பிள்ளைகள் பெருகினால் வீடும் பெருகத்தானே செய்யும். கடைசியில் ஒரு அண்ணாச்சி வயல் மட்டும் மிச்சம்.

என் மூத்தவனும் வாய்க்கால் ஓரம்தான் வீடு கட்டினான். வண்டி ஏற்ற, வாய்க்காலின் மேல் சிமெண்ட் பாலம் போட்டான். தண்ணீர் போகக் கீழே ஒரு குழாய். பங்குனியில் வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது பார்த்த அளவு. போதும் என்று நானும் சொன்னேன்.

ஆடியில் சாரல். குற்றாலத்தில் கார் நிறுத்த இடமில்லாத கூட்டம். குளித்தவர்கள் விட்ட ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாக்கெட் எல்லாம் ஆற்றோடு வந்து வாய்க்காலில் இறங்கின. வீட்டுக் குப்பையும் சேர்ந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. மகன் வாசலில் முழங்கால் தண்ணீர். கீழே வயலில் வெடிப்பு. பயிர் பொதி கட்டி, கதிர் வெளிவரப்போகும் நேரம்.

அண்ணாச்சி வரப்பில் நின்றார். "ஆத்துல தண்ணி பொரளுது. எம் வயல்ல காக்கா குளிக்கக்கூட இல்ல. இந்தப் பயிரு போச்சுன்னா பிளாட்டுக்குக் குடுத்திருவேன், பாத்துக்கிடும்."

குழாயை மூங்கிலால் குத்தினேன். ஒடிந்தது. உட்கார முடியவில்லை. வயலுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். சம்மட்டியை எடுத்தேன்.

மருமகள் ஓடி வந்தாள். "மாமா, அவுக வண்டிய எங்கன நிறுத்துவாவ?"

"ரோட்டுல."

மகன் வந்தான். "ஊரே மூடி வச்சிருக்கு. எம் பாலந்தான் உங்க கண்ணுல படுதோ?"

"இதுலதாம்ல தண்ணி நிக்குது."

பாலத்தை உடைக்கத் தொடங்கினேன். மகன் தடுக்கவில்லை. உடைந்த கல் வாய்க்காலில் விழாமல் எடுத்து ஓரம் போட்டான். தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது.

அண்ணாச்சி தானே மடையை வெட்டிவிட்டார். வயல் நனைந்தது. பாக்கெட்டுகளும் உள்ளே போய்ப் பயிர்த் தூரில் ஒட்டின. குனிந்து பொறுக்கினேன். மகனும் இறங்கினான்.

"தம்பிக்குத் தையில கல்யாணம். அவன் எங்கன வீடு கட்டுவான்?" என்றான். "அண்ணாச்சி ரெண்டு செண்டு குடுப்பாரா, கேட்டுப் பாருங்க."

"குப்பையப் பொறுக்குல."

அண்ணாச்சிக்குக் கேட்டிருக்கும். மடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த பாத்திக்கு நகர்ந்தேன். இளையவனுக்கும் ஒரு வீடு வேண்டும்தான்.