ஒரே சட்டி, இரண்டு கறி

எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்குடியில், எனக்குக் கலியாணமாகிச் சில மாதங்களில் நடந்தது இது. இப்போது சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

எங்கள் பக்கத்து வழமையை முதலில் சொல்லிவிட வேண்டும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவருக்கு வாய்க்கு ருசியாக ஆக்கிப் போடுவது மாமியாரின் பொறுப்பு. புது மாப்பிள்ளை கடையில் தேத்தண்ணி குடிக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஆனால் கடையில் உட்கார்ந்து சோறு தின்பதை ஒருவர் கண்டால் போதும், பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னமே அவருடைய தாய் வீட்டுக்குச் செய்தி போய்விடும். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களாம் என்று ஊரெல்லாம் கதையாகிவிடும்.

எங்கள் வீட்டில் அந்த மாமியார் இல்லை. கலியாணம் பேசி முடித்த கையோடு என் உம்மா மௌத்தாகிவிட்டார். அவர் இருந்தவரை, படிக்கிற பிள்ளை என்று என்னைக் குசினிப் பக்கமே விடவில்லை. தேத்தண்ணி ஊற்றுவேன், முட்டை பொரிப்பேன். என் சமையல் அவ்வளவுதான். கலியாணத்துக்கு வந்து நின்ற சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, கொஞ்ச நாள் ஆக்கிப் போட்டுவிட்டுத் தன் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியது வாப்பா, நான், என் கணவர்.

சாச்சி போன மறுநாள் நானே மாட்டிறைச்சி ஆக்கினேன். வாப்பா ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். பிறகு கிணற்றடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். என் கணவர் கல்முனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். பகல் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வளவின் பின்வேலிக்கு அப்பால் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினி இருந்தது. கடையின் முன்பக்கம் பெரிய வீதியில். கடைக்காரரின் மனைவிதான் உள்ளே சமையல். வேலியில் ஆள் போய்வர ஒரு கடப்பு உண்டு. சட்டியைத் தூக்கிக்கொண்டு அதால் ஓடிப்போய், இதை எப்படியாவது திருத்தித் தாருங்கள் என்று கேட்டேன். அழுதிருப்பேன் என்றும் நினைக்கிறேன். மாமி, அப்படித்தான் நான் அவரைக் கூப்பிடுவேன், அகப்பையால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என் கறியை அப்படியே பூனைக்குக் கொட்டினார். பூனையும் கொஞ்சம் யோசித்தது. பிறகு தன் பெரிய சட்டியிலிருந்து அள்ளி என் சட்டியை நிரப்பித் தந்தார்.

"இண்டைக்கு இதக் குடுங்க மகள். நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு, நாளைக்கு என்று அது மாதக் கணக்கில் போயிற்று. வாப்பா எங்கள் வயல் அரிசியையும் வளவுத் தேங்காயையும் அந்தப் பக்கம் அனுப்பி வைப்பார். காலையில் கணவர் போனதும் நான் கடப்பால் போய்த் தேங்காய் திருவிக் கொடுப்பேன், வெங்காயம் உரிப்பேன், பகலுக்குச் சட்டியோடு திரும்புவேன். கடைக்காரர் எதிரே வந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவார். என்னைக் கண்டதாகவே அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

முதல் நாளே என் கணவர் விரலைச் சூப்பிக்கொண்டு, "உங்கட உம்மா அவட கைய உனக்குத்தான் தந்திட்டுப் போயிரிக்கா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். உண்மையிலும் வெட்கம்தான்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், கடைச் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பது என் கணவருக்கும் அவருடைய கூட்டாளிமாருக்கும் இன்னோர் உத்தியோகம். பின்னேரம் தேத்தண்ணி குடிக்க அதே கடையில்தான் கூடுவார்கள். டவுனில் உள்ள கடை ஒவ்வொன்றையும் பிடித்து உரிப்பார்கள். பஸ் நிலையத்துக் கடையில் பருப்பாணம் என்கிற குழம்புக்குள் பருப்பைத் தேட வேண்டும். சந்தைக் கடையில் இன்னொரு தரம் சோறு கேட்டால், பரிமாறுகிறவர் காணி கேட்டது போலப் பார்க்கிறார். இன்னொரு கடையில் பரோட்டாவைப் பிய்க்க இரண்டு பேர் வேண்டும். உட்கார்ந்திருக்கிற கடையையாவது விடுவார்களா என்றால் அதுவும் இல்லை. கலியாணத்துக்கு முன் என் கணவர் அங்கேதான் பகல் சோறு தின்றவர் என்பதால் அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

"காக்காட கறியில உப்பு இரிக்கி, தூள் இரிக்கி. ருசிதான் இல்ல" என்று, எல்லோரும் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் கடைக்காரரின் காதுபடவே சொல்வாராம். பிறகு தன் வீட்டில் அன்று என்ன சாப்பாடு என்று விவரிப்பாராம். இதையெல்லாம் வந்து என்னிடமே ஒப்பிப்பார், நான் சந்தோஷப்படுவேன் என்று. நான் தண்ணி எடுக்கப் போவது போல எழும்பிவிடுவேன்.

யோசித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே சட்டியில் ஆக்கியது. விளிம்பு உடைந்த பீங்கானில் கடை மேசைக்கு வந்தால் அது கடைக்கறி. உம்மாவின் பூப்போட்ட பீங்கானில் எங்கள் பாயில் வைத்தால் அது பொஞ்சாதியின் கறி. என் கணவரின் பேச்சைக் கேட்டுச் சிலர் பகல் சாப்பாட்டை வேறு கடைக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று வாப்பா ஒருநாள் சொன்னார். அன்றே மாமியிடம் போய், கணவரிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"சும்மா இரிங்க புள்ள. உங்கட குடும்பம் பெரிசா, இந்தக் கறி பெரிசா?" என்று அடுப்பை ஊதப் போய்விட்டார்.

ஒரு புதன்கிழமை காலை புறப்படும்போது என் கணவர், "இண்டைக்கு இறைச்சி ஆக்கு. கூட ஆக்கு, கூட்டாளிமாருக்கும் கொண்டு போகணும்" என்றார். அலுவலகத்தில் வைத்துச் சாப்பிடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பகல் வந்து, நான் நிரப்பி வைத்த டிபன் கரியரைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு போனார். நான் மாமியின் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு கடப்பால் போனேன்.

குசினிக்கும் கடைக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை. சட்டியை வைத்துவிட்டு நிமிர்கிறேன், திரைக்கு அந்தப் பக்கம் என் கணவரின் குரல்.

"காக்கா, கோவிச்சிராதீங்க. உங்கட இறைச்சிக் கறியில கொஞ்சம் ஒரு பீங்கான்ல கொண்டு வாங்க. எங்கட ஊட்டுக் கறி இந்தா இரிக்கி. ரெண்டையும் வெச்சிப் பாப்பம்."

கடைக்காரர் திரையை விலக்கி உள்ளே வந்தார். அன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தார். மாமியையும் பார்த்தார். பிறகு பெரிய சட்டியிலிருந்து கறியை அள்ளிக்கொண்டு வெளியே போனார்.

திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அதால் பார்த்தேன். என் கணவர், அவருடைய கூட்டாளிமார் மூன்று பேர், பக்கத்துப் புடவைக்கடை முதலாளி, எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு கறியும் நடுவில்.

"மச்சான், இது கறி. அது கறி கழுவின தண்ணி" என்றார் ஒருவர். வீட்டுக் கறியில் ஏலம் மணக்கிறது, கடைக்காரர் ஏலத்தைக் கண்ணாலும் காட்டவில்லை என்றார் இன்னொருவர். புடவைக்கடை முதலாளி ஒருபடி மேலே போய், மாடே வேறு மாடு என்றார். மூலையில் தனியே சோறு தின்றுகொண்டிருந்த ஒரு பஸ் சாரதி எழும்பி வந்து இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கெண்டா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு" என்றார். நல்ல வேளை, டீசல் மணந்து மணந்து உமக்கு நாக்கு மரத்துப் போச்சு என்று எல்லோரும் சேர்ந்து அந்த மனிதரை அமத்திவிட்டார்கள்.

பிறகு என் கணவர், "காக்கா, நீங்களும் ஒருக்கா ருசி பாத்துச் சொல்லுங்க. ஒங்கட வாயாலயே கேப்பம்" என்றார்.

கடைக்காரர் விரலால் தொட்டு வாயில் வைத்தார். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். அவர் கடைக்குப் போன மதிப்பு அந்த நிமிடமே திரும்பி வந்துவிடும். அத்தனை பேருக்கு முன்னால் தலைகுனிந்த என் கணவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் மருதமுனைக்கு, தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவார். வாப்பா எந்த முகத்தோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவார்? யா அல்லாஹ் என்று திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது வேற கறிதான் தம்பி" என்றார் அவர், ஆறுதலாக. "ஒரு பொம்புள மனசு வெச்சி ஆக்கின கை இதுல தெரியிது. நல்ல கறி. கடைக்கு இப்பிடி வராது."

வெளியே ஒரே ஆரவாரம். நான் மாமியைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். தன் கறியைக் கறி கழுவின தண்ணி என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றவர் அல்லவா? பார்த்தால், முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"கேட்டீங்களா மகள்?" என்றார் மெதுவாக. "கடை தொறந்த நாள்ல இருந்து நான்தான் ஆக்கிறன். நல்ல கறி எண்டு ஒருத்தன் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கன். இவரு வாயால கேட்டதும் இண்டைக்குத்தான்."

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. பின்னேரம் என் கணவர் பெருநாளைக்கு வந்தவர் போலச் சந்தோஷமாக வந்து அந்தக் கதையைத் தொடங்கியதுமே சொல்லிவிட்டேன். "அது காக்காட கடைக் கறி. இவ்வளவு நாளும் நீங்க திண்டதெல்லாம் அந்தச் சட்டியிலதான்." அவர் என்னைப் பார்த்தார். வாசலில் வந்து நின்ற வாப்பாவைப் பார்த்தார். கழற்றிய சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மருதமுனைப் பக்கம் போவதைப் படலையில் நின்று கண்டேன். எல்லாம் முடிந்தது என்று உள்ளே போய்க் குந்திவிட்டேன்.

பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. வீட்டுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவர் வேலிக் கடப்பால் வருகிறார், கையில் மாமியின் சட்டி. "ராவைக்கு மீனாணமாம்" என்று அதை என்னிடம் நீட்டினார். அவ்வளவுதான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றதைச் சொன்னார். கோபத்தில், மருதமுனைக்கு முன்னால் உள்ள பாண்டிருப்புவரை போயிருக்கிறார். அங்கே, கடைக்காரர் தன் கறியைத் தானே ருசி பார்த்த முகம் ஞாபகம் வந்ததாம். திரும்பிக் கடைக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, கடைக்காரர் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப் போய்விட்டாராம். "தம்பி, நீங்க இப்ப இதக் கதைச்சா அந்தப் புள்ளட முகம் என்னாகும்? நாளைக்கும் வந்து வழமை மாதிரி ஏசுங்க. திடீரெண்டு மெச்சினா சனம் யோசிக்கும்" என்றாராம். மாமியிடம் உங்கள் கறி நல்லம் என்று இவர் சொன்னதற்கு, "பகலே கேட்டுட்டன் மகன்" என்று அவர் சிரித்தாராம்.

ஏசத்தான் என் கணவருக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு கூட்டாளிமார் எந்தக் கடையைப் பிடித்தாலும், "தேத்தண்ணி நல்லம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். தீர்ப்புச் சொல்ல ஆளில்லாமல் அந்த மேசையின் கதையும் மெல்ல மெல்ல மாட்டு விலைக்கும் வயல் தண்ணிக்கும் மாறிவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு வேறு கடைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததாகவும் மாமி சொன்னார்.

இப்போது நானும் நன்றாகத்தான் சமைக்கிறேன். ருசித்துத் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும், அதை நான் மறைப்பதும் இல்லை. ஆனால், தன் கறிக்கு வந்த புகழை இன்னொருத்தியின் பெயரில் கேட்டு, அதற்கும் கண் நிறையச் சிரித்த ஒரு மனுஷியைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு, எந்தக் கடையில் சாப்பிட்டாலும் குசினிக்குள் எட்டிப் பார்த்து நல்லம் என்று ஒரு சொல் சொல்லாமல் வெளியே வர என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.