சேதுராமன் ஜோடி சேர்த்த தீவுக் கிளிகள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட சேதுராமனிடம்தான் ஹனோவர் பறவைப் பண்ணையின் சாவிக் கொத்து இருந்தது. தூத்துக்குடியில் மூட்டை சுமந்து, வாழைக்காய்க் கப்பலில் கூலியாளாக ஏறி, எவன் சிபாரிசும் இல்லாமல் ஜெர்மனியில் காலூன்றிய மனிதர்.

கரீபியக் கடலில் ஒரு மலைத்தீவு. கப்பல் அங்கே நிற்கும்போதெல்லாம் அவர் காட்டுக்குள் போய்விடுவார். விடியலில் பச்சைக் கிளிகள் ஜோடி ஜோடியாக இறங்கும். ஒன்று கரகரவென்று கத்த, மற்றது இழுத்து விசிலடிக்கும். பொந்து விழுந்த கிழட்டு மரங்கள்தான் அவற்றுக்கு வீடு. வாழை வைக்க அந்த மரங்களைத்தான் வெட்டினார்கள். 1968இல், சாய்ந்து கிடந்த இரண்டு மரங்களிலிருந்து, மரத்துக்கு ஒன்றாக இரண்டு குஞ்சுகளை எடுத்துவந்தார். அந்த இனத்துக் கிளி ஜெர்மனியில் வேறெங்கும் இல்லை.

எட்டு வருடம் கழித்து, முட்டைக்காகப் பண்ணையே காத்திருந்தது. கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக்கு வந்த வத்சலா தயங்கினாள்.

“அண்ணாச்சி, வெளியே பார்த்தா ஆணா பெண்ணான்னு தெரியாது. மயக்கம் கொடுத்து, வயித்துல சின்னக் குழாய் விட்டுப் பாத்துடலாம். கன்ஃபர்ம் பண்ணிட்டு முட்டையிடப் பெட்டி வைங்க.”

“என் பிள்ளைகளக் கிழிச்சுப் பாக்கணுமாக்கும்? கரகரன்னு கத்துறது ஆம்பள, விசிலடிக்கிறது பொம்பள. தீவுல கேட்ட காது இது. நீ புஸ்தகத்துலயா கேட்ட?”

“மயக்கத்துல ரிஸ்க் இருக்கு, மறைக்கல. ஆனா ரெண்டும் ஆணா இருந்தா, பெட்டிக்காக அடிச்சுக்கும்.”

“எட்டு வருசமா ஒண்ணுக்கொண்ணு ஊட்டி விடுது. ஆம்பளயும் ஆம்பளயுமா ஊட்டும்? போம்மா.”

வசந்தத்தில் மரத்தைக் குடைந்து அவரே பெட்டி செய்து மாட்டினார். ஒரு வாரம் கூண்டு அதிர்ந்தது. கல்யாணக் கச்சேரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு காலை, விசிலடிக்கும் கிளி பெட்டிக்குக் கீழே கிடந்தது. மண்டை பிளந்து, ஒரு கண் இல்லை.

வத்சலா அதை அறுத்துப் பார்த்துவிட்டு, “ஆண்” என்றாள். மற்றதை அவரே துணியில் சுற்றிக்கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதற்கு மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்த்தாள்.

“இதுவும்தான், அண்ணாச்சி.”

“இன்னொரு தடவ பாரு.”

“ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

மறுநாள் பெட்டியைக் கழற்றக் கூண்டுக்குள் போனார். கிளி பெட்டியின் வாசலில் நின்று இறக்கை விரித்தது. அவர் கை நீட்டியதும் சதை பிய்யக் கொத்தியது. அந்த இடத்தை அது விடுவதாக இல்லை. ரத்தம் சொட்டச் சொட்ட அவர் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.